உங்கள் டான்ஸ் டீச்சரின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி

இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் 70, 80 வயதில் இன்னும் சில பரதநாட்டிய டான்ஸ் டீச்சர்கள் இருக்கிறார்கள். காரை வெளியே நிறுத்திவிட்டு கராஜைக் கூட்டிப் பெருக்கி அதிலேயே சனிக்கிழமை வகுப்பு எடுத்தவர்கள், கோயில் மண்டபத்தில் பூசை முடியும்வரை காத்திருந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவர்கள். அவர்களைப் பற்றி எழுத்தில் நம்மிடம் இருப்பது என்ன என்று பார்த்தால், அரங்கேற்ற மலரில் ஒரு பக்கம். இன்னாரிடம் கற்றார், மெட்ராஸ் போய்வந்தார், இத்தனை அரங்கேற்றம் செய்தார், இன்ன விருது வாங்கினார், அவ்வளவுதான். அதே பக்கத்தை அடுத்த மலரிலும் அப்படியே அச்சடிப்பார்கள்.

என் டீச்சரின் வாழ்க்கையை உட்கார்ந்து எழுத எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதில் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன். உங்கள் டீச்சரைப் பற்றி எழுத நினைத்தால் இந்த வாரமே தொடங்குங்கள், ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

முதல் நாள் நான் நாற்பது கேள்வி எழுதிக்கொண்டு போனேன். நடனத்தில் ஆர்வம் எப்படி வந்தது, உங்கள் குரு யார், மறக்க முடியாத மேடை எது, இப்படி. டீச்சர் டீ போட்டுக் கொடுத்தார், பொறுமையாகப் பதில் சொன்னார். வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்த்தால் மலரில் இருந்த அதே வாக்கியங்கள். பல வருடமாக எல்லோரும் இதே கேள்விகளைத்தான் கேட்டிருக்கிறார்கள், அவரிடமும் பதில் தயாராக இருந்தது.

அடுத்த வாரம் கேள்வித்தாளை எடுத்துப் போகவில்லை. "டீச்சர், முதல் வகுப்பில் முதல் நாள் எனக்கு என்ன சொல்லிக்கொடுத்தீங்களோ அதை இன்னொரு தடவை சொல்லிக்கொடுங்க" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் எழுந்து போய் தட்டுக்கழியை எடுத்துவந்தார், சோபாவை நகர்த்தச் சொன்னார். தெய்யா தெய் என்று முதல் பாடமான தட்டடவைத் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கையை நிறுத்திவிட்டு, அவருடைய அப்பா முனிசிபாலிட்டி வேலை முடிந்து வந்து, இந்திய முனிசிபாலிட்டித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸ் முற்றத்தில் இதே மாதிரி கட்டையில் தட்டித் தாளம் போடுவார் என்று சொல்ல ஆரம்பித்தார். எந்த மலரிலும் அவருடைய அப்பா பேர்கூடக் கிடையாது.

அதனால் நான் சொல்வது, பேட்டிக்கு முன்னால் வகுப்பு. அதை வீடியோ எடுங்கள், செல்போனே போதும், ஆனால் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் வைத்து, படுக்கைவாட்டில், உள்ளங்காலிலிருந்து தலைக்கு மேல் தூக்கும் கைவரை எல்லாம் தெரிகிற தூரத்தில். முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்தால் அரைமண்டியில் முழங்கால் எவ்வளவு மடிந்தது, எந்தக் கால் முன்னே போனது, எதுவும் பின்னால் தெரியாது. ஒவ்வொரு அடவையும், அதாவது ஆட்டத்தின் ஒவ்வொரு அடிப்படை அசைவையும், முன்பக்கம் ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை, மூன்று காலத்திலும் (வேகத்திலும்). டீச்சருக்கு முட்டிவலி என்றால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்கட்டை (தாளச் சொற்களை) சொல்லட்டும், பழைய மாணவி ஒருத்தர் ஆடட்டும். இன்னும் சொல்லப்போனால் அதுதான் நல்லது, ஏனென்றால் மாணவி ஆடும்போது டீச்சர் திருத்துவார், "அப்படி இல்லை, முழங்கை கீழே போகுது, நெஞ்சைத் தூக்கு" என்று அவர் குறுக்கிடுகிற ஒவ்வொரு இடத்திலும் அவர் எதை அழகு என்று நினைத்தார் என்பது தெரிந்துவிடும், அதை எந்தக் கேள்வி கேட்டும் வாங்க முடியாது.

அடவுகளை எடுத்து வைப்பதில் இன்னொரு பயன் உண்டு. பந்தநல்லூர், வழுவூர், தஞ்சாவூர், கலாக்ஷேத்ரா என்று ஒவ்வொரு பாணியிலும் அடவுகளின் வகுப்பும் பெயரும் சொல்லும் கொஞ்சம் கொஞ்சம் மாறும், கை நீட்டுகிற விதம் மாறும், உடம்பைச் சாய்ப்பதும் நிமிர்ந்து நிற்பதும் மாறும். டீச்சருக்கே தன் பாணியின் பேர் தெரியாமல் இருக்கலாம், அல்லது மெட்ராஸில் இரண்டு மூன்று பேரிடம் கொஞ்சம் கொஞ்சம் கற்றிருக்கலாம். வீடியோவைப் பாணி தெரிந்த ஒருவரிடம் காட்டினால் எது எங்கிருந்து வந்தது என்று ஓரளவு பிரித்துச் சொல்லிவிடுவார். என் டீச்சரின் ஜதியில் ஒரு சுற்று வரும், வேகமாகச் சுழன்று சட்டென்று நிற்பது. பாணி தெரிந்த ஒரு அம்மாவிடம் காட்டியபோது, இது நான் பார்த்த எந்தப் பாணியிலும் இல்லையே என்றார். அந்தச் சுற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

நோட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இங்கே பல டீச்சர்களுக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுத வராது, அதனால் சொல்கட்டு முழுவதையும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள், தா தெய் தெய் தா என்பதை அவரவர் காதுக்குப் பட்டபடி. அதைச் சரி செய்யாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள், பிறகு டீச்சரையே வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், அதைக் கேட்டுத் தமிழில் எழுதுங்கள். மூன்றும் இருந்தால்தான் அந்த நோட்டுக்கு உயிர், வெறும் ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு நெடில் எது குறில் எது என்று நாளைக்கு யாரும் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்து வருடங்கள். வயதானவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் தடுமாறுவார்கள், அல்லது ஏதோ ஒன்றைச் சொல்லி வைப்பார்கள். காசைக் கேளுங்கள். வீட்டைக் கேளுங்கள். முதல் மாணவியிடம் ஃபீஸ் எவ்வளவு வாங்கினீர்கள்? ஷில்லிங் கணக்கில் சொன்னால் அது பெரும்பாலும் 14 பிப்ரவரி 1961க்கு முன்னால், அன்றுதான் ரேண்ட் நாணயம் வந்தது. (டிக்கி என்று சொன்னால் மட்டும் ஜாக்கிரதை, மூன்று பென்ஸுக்கு இருந்த அந்தப் பேர் புது இரண்டரை சென்ட் காசுக்கும் தொடர்ந்தது.) அப்போது எந்த வீட்டில் இருந்தீர்கள்? கேட்டோ மேனரா, மேகசின் பாரக்ஸா, சாட்ஸ்வொர்த்தா? இனம் இனமாகப் பிரித்துக் குடியிருக்க வைத்த, 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் ஒவ்வொரு குடும்பமும் எப்போது எங்கே தூக்கி எறியப்பட்டது என்பது அந்தந்தக் குடும்பத்துக்கு மறக்காது. 1949 ஜனவரி டர்பன் கலவரத்துக்கு முன்னாலா பின்னாலா? வீட்டில் டீவி இருந்ததா? இந்த நாட்டில் டீவி வந்ததே 1976 ஜனவரியில்தான். மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்த நேரமா? இப்படி நாலு கழி நட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடுவில் வந்து நிற்கும்.

இந்தக் காசுக் கேள்விதான் என் புத்தகத்தையே மாற்றியது. டீச்சர் அறுபதுகளில் மெட்ராஸ் போய் ஒன்றரை வருடம் கற்று, திரும்பிவந்து சாட்ஸ்வொர்த்தில் வகுப்பு தொடங்கினார் என்பதுதான் எல்லா மலரிலும் இருந்தது. முதல் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டேன், யோசிக்காமல் "மாசத்துக்கு ரெண்டு ஷில்லிங்" என்றார். சொன்னபிறகு அமைதியாகிவிட்டார். அப்படியானால் கப்பல் ஏறுவதற்கு முன்பே, இருபது வயதுகூட நிரம்பாதபோது, பாரக்ஸில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அறுபது வருடம் அதை யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் அப்போது அவர் சொல்லிக்கொடுத்தது அப்பாவின் தெருக்கூத்திலிருந்தும் பயாஸ்கோப்பில் (சினிமாவில்) குமாரி கமலா ஆடியதைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் எடுத்தது, மெட்ராஸில் யாரோ "இதெல்லாம் நாட்டியமே இல்லை" என்று சொல்லி அவரை அழவைத்திருக்கிறார்கள். அந்தச் சுற்று இருக்கிறதே, அது கூத்தில் வேஷக்காரர் திரையை விட்டு வெளியே வந்ததும் போடுகிற சுற்று. மெட்ராஸில் கற்றதெல்லாம் கற்ற பிறகும் அதை மட்டும் அவர் விடவில்லை, எங்கள் எல்லோருக்கும் அதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்திருக்கிறார், நாங்கள் அதுவும் பரதம் என்றே நினைத்து ஆடியிருக்கிறோம். எனக்கு அவர் முன்னோடி என்று முழுதாகப் புரிந்தது அன்றைக்குத்தான்.

எனவே மெட்ராஸுக்கு முந்தைய காலத்தைத் தோண்டுங்கள். டர்பன் இருக்கிற நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களில் தெருக்கூத்து ஆடினார்கள். இங்கே பலருக்கு அது சிக்ஸ் ஃபுட் டான்ஸ், தெருக்கூத்து என்றால் தெரியாது, அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால்தான் முகம் மலரும். விடியவிடிய பாரதக் கதை, ஆண்களே திரௌபதி வேஷம் கட்டுவது, கட்டியங்காரன், மத்தளம், கோயிலில் தீமிதிக்கு முந்தைய இரவுகள். டீச்சரின் குடும்பத்தில் யார் வேஷம் கட்டினார்கள், யார் பாடினார்கள், பெண்பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள், பார்த்ததை மறுநாள் விளையாட்டாக ஆடினார்களா, அடி வாங்கினார்களா, எல்லாம் கேளுங்கள். ஒரு பெண் மேடையேறி ஆடுவதை நம் வீடுகளில் எப்படிப் பார்த்தார்கள் என்பதும் இங்கேதான் வரும். இந்தியாவில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்து மெட்ராஸ் சட்டம் வந்ததே 1947இல்தான், அந்தக் காலத்துப் பேச்செல்லாம் கப்பலேறி இங்கேயும் வந்திருந்தது. ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்ரா தொடங்கியது, பிராமண வீட்டுப் பெண்களும் ஆட வந்தது, இதையெல்லாம் எடுத்துச் சொல்லித்தான் பல டீச்சர்கள் இங்கே அப்பா அம்மாக்களின் வாயை அடைத்திருக்கிறார்கள்.

குடும்ப வேர் தேட வேண்டும் என்றால் வழி இருக்கிறது. 16 நவம்பர் 1860இல் ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து டர்பன் வந்தது தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்தார்கள். அந்த எண் கிடைத்துவிட்டால் கப்பல் பேர், தகப்பன் பேர், வயது, ஜில்லா, கிராமம், சாதி, உடம்பில் அடையாளம், எந்த எஸ்டேட்டுக்குப் போனார் எல்லாம் பதிவேட்டில் கிடைக்கும். பழைய பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, பாட்டன் வைத்திருந்த பாஸ் இவற்றில் எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பேரை வைத்துத் தேட வேண்டும், அது கஷ்டம், குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். கவுண்டர் கோவேந்தர் ஆனதும் முதலி மூட்லி ஆனதும் இப்படித்தான், அதனால் பத்துவிதமாக எழுத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள், குடும்பப் பேராக இப்போது இருப்பது பாட்டனின் சொந்தப் பேராகவும் இருக்கலாம். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி லுதுலி ஆவண மையமும் டர்பன் ஆவணக் காப்பகமும் போக வேண்டிய இடங்கள். ஆனால் இதிலேயே மூழ்கிவிடாதீர்கள். காப்பகம் நாளைக்கும் திறந்திருக்கும். டீச்சருக்கு 84 வயது.

மெட்ராஸ் பயணத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை முறித்துக்கொண்டது, பிறகு கலாசாரப் புறக்கணிப்பும் வந்தது, 1993இல்தான் இரண்டு நாட்டுக்கும் உறவு திரும்பியது. நடுவில் இந்த நீண்ட காலத்தில் அங்கிருந்து குருமார்கள் வந்து நம் பிள்ளைகளுக்கு முறையாகச் சொல்லிக்கொடுக்க வழியில்லை, போனவர்கள்தான் கொண்டுவர வேண்டும். கரஞ்சா, கம்பாலா கப்பல்களில் பம்பாய் போய் அங்கிருந்து ரயிலில் மெட்ராஸ். கப்பல் டிக்கெட், பாஸ்போர்ட், அங்கிருந்து எழுதிய கடிதங்கள் ஏதாவது பெட்டியில் கிடக்கும். பணம் யார் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். என் டீச்சருக்கு அம்மா வளையலை விற்றார், மீதியை அப்பாவின் கூத்துச் செட்டே வசூல் பண்ணிக் கொடுத்தது. அங்கே என்ன சாப்பிட்டார், எங்கே தங்கினார், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெண் என்று எப்படி நடத்தினார்கள், திரும்பும்போது பெட்டியில் என்னவெல்லாம் இருந்தது? சலங்கை, கோயில் நகை, இசைத்தட்டுகள். அந்த இசைத்தட்டுகளை வைத்துத்தான் மிருதங்கக்காரர் கிடைக்காத ஊரில் இருபது வருடம் நிகழ்ச்சி நடத்தினார்.

பொருள்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பூல் டேப் கிடைத்தால் உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள். நான் ஆசைப்பட்டு ஒரு கடையில் கொடுத்தேன், அவர்கள் பழைய மெஷினில் போட்டதும் ஒட்டிக்கொண்டு அறுந்துவிட்டது, 1970களில் டீச்சரே தாளம் தட்டிச் சொல்கட்டுச் சொல்லி நட்டுவாங்கம் செய்த ஒரு பதிவில் பாதி போயிற்று, இன்னும் எனக்கு அது ஆறவில்லை. பழைய டேப் மாற்றி அனுபவம் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள், முன்பு செய்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள், முதலில் முக்கியம் இல்லாத ஒரு டேப்பைக் கொடுத்துப் பாருங்கள். டிஜிட்டலுக்கு மாற்றும்போது எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக, 24 பிட்டில் கேளுங்கள். போட்டோவை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து, ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். பசை ஆல்பத்திலிருந்து பிடித்து இழுக்காதீர்கள், ஆல்பத்தோடேயே படம் எடுங்கள். போட்டோ பின்னால் பேனாவால் எழுதாதீர்கள், மென்மையான பென்சில் போதும். ஆட்ட உடைகள் பிளாஸ்டிக் பையில் இருந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள், டர்பன் ஈரத்துக்குச் சரிகை கறுத்துவிடும், பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்து அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள்.

நாளிதழ், வார இதழ் நறுக்குகள் தேதி இல்லாமல் கிடக்கும். 1940இல் வந்த லீடர், 1950இல் வந்த கிராஃபிக் இரண்டிலும் நம் நிகழ்ச்சிகள் வந்திருக்கின்றன, நறுக்கின் பின்பக்கத்தில் பயாஸ்கோப்பு விளம்பரமோ கடை விளம்பரமோ இருந்தால் அதை வைத்துத் தேதியைப் பிடிக்கலாம். தமிழ் ஐஸ்டெத்வோட் எனும் கலைப் போட்டிகளின் நிகழ்ச்சி நிரல், பரிசுச் சான்றுகளையும் தேடுங்கள், எந்த வருடம் எந்தப் பிள்ளைகள் எந்தப் பாட்டுக்கு ஆடினார்கள் என்பது அதில் இருக்கும்.

பிறகு மற்றவர்களிடம் போங்கள். பெரிய நடனக்காரியாக ஆன மாணவியிடம் எல்லோரும் போவார்கள். பாதியில் நின்றவர்களிடம் போங்கள், கல்யாணம் ஆகி வகுப்பை விட்டவர்கள், ஃபீஸ் கட்ட முடியாமல் விட்டவர்கள், அவர்களில் ஒருத்தர்தான் என்னிடம், தனக்கு மூன்று வருடம் டீச்சர் காசே வாங்கவில்லை, அம்மாவிடம் சொல்லாதே என்று மட்டும் சொன்னார் என்றார். உடை தைத்த தையல்காரர், மத்தளம் அடித்த மாமா, நிகழ்ச்சிக்குக் கோம்பி வேன் ஓட்டியவர், இவர்களையும் விடாதீர்கள். பேச்சுக்குப் பேச்சு முரண் வரும். நான் ஒருவர் சொன்னது சரி, மற்றவர் தப்பு என்று தீர்ப்புச் சொல்லாமல் இரண்டையும் எழுதினேன், யார் சொன்னது என்று குறிப்பிட்டு.

சில விஷயம் எழுதக் கூடாது. வீட்டுக்காரர் ஆடவிடாமல் செய்தது, இன்னொரு டீச்சரோடு வந்த மனஸ்தாபம், சாதியைச் சொல்லி ஒரு குடும்பம் பிள்ளையை நிறுத்தியது எல்லாம் பேச்சில் வரும். பதிவை நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள், பிறகு ஒளித்துப் பதிவு செய்யாதீர்கள். எழுதலாமா என்று தனியாக, பிள்ளைகள் அருகில் இல்லாதபோது கேளுங்கள். ஒரு தாளில் எதற்கு அனுமதி, எதற்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், டீச்சர் காலத்துக்குப் பிறகு குடும்பத்துக்குள் சச்சரவு வராமல் இருக்க அது தேவை.

எழுத உட்காரும்போது பிறந்தார் வளர்ந்தார் என்று தொடங்க வேண்டாம். ஒரு சனிக்கிழமை வகுப்பில் தொடங்குங்கள். டீச்சர் பேசின பேச்சை அப்படியே வையுங்கள், இங்கிலீஷும் தமிழும் கலந்து பேசினால் கலந்தே எழுதுங்கள், நம் ஊர்த் தமிழ் மெட்ராஸ் தமிழாக மாற வேண்டியதில்லை. விருதுகளைக் கடைசியில் ஒரு பக்கத்தில் போட்டுவிடுங்கள். அவருக்குப் பின்னால் வந்ததையும் ஒரு அத்தியாயத்தில் சொல்லலாம், சூரியா கோவேந்தரின் சூரியலங்கா குழு பரதத்தையும் சுலு ஆட்டத்தையும் ஒரே மேடையில் சேர்த்து ஆடியதெல்லாம் இந்தக் கராஜ் வகுப்புகள் நடந்த ஊரில்தான் நடந்தது.

எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்கும் முன் டீச்சருக்கு முழுதாக வாசித்துக் காட்டுங்கள், ஒரே நாளில் வேண்டாம், தினம் அரைமணி. என் டீச்சர் தன்னைப் பற்றி நான் புகழ்ந்து எழுதியதையெல்லாம் கேட்டும் கேளாததுபோல இருந்தார், இரண்டே இடத்தில்தான் நிறுத்தினார். மத்தளக்கார மாமாவின் பேரைத் தப்பாக எழுதியிருந்தேன். அப்புறம் கூத்துச் சுற்றைப் பற்றிய இடம் வந்தபோது, "அதை எடுத்துடலாமா டீச்சர்?" என்று நானே கேட்டேன். "இருக்கட்டும்மா, அப்பா பேரையும் அங்கேயே போடு" என்றார்.

பிரதிகளைக் குறைந்தது மூன்று இடத்தில் வையுங்கள், குடும்பத்திடம் ஒன்று, ஆவண மையத்தில் ஒன்று, கோயில் நூலகத்திலோ தமிழ்ச் சங்கத்திலோ ஒன்று. வீடியோவும் ஒலிப்பதிவும் இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு தனித்தனி வீட்டில். புத்தகத்தின் கடைசியில் ஏழெட்டு வெற்றுத்தாள் சேர்த்து பைண்ட் பண்ணச் சொல்லுங்கள், வெளியிட்ட அன்றைக்கே பழைய மாணவிகள் பேனாவைக் கேட்டு வருவார்கள்.